இலைச் சர்க்கரை

ஜோர்ஹாட்டில் தேயிலை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் ரூனுமிக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆய்வுக்கூடத்துச் சேதியைச் சோற்றுத்தட்டு வரைக்கும் கொண்டுவந்துவிடுவாள். பறித்த இலை வாடும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகும். அதை அளப்பதுதான் அவள் உத்தியோகம். "சீனியே போடாத டீயிலயும் சர்க்கரை இருக்குப்பா" என்று ஒருநாள் மாமனார் பேணுதரிடம் பெருமையடித்தாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். நீரிழிவுக்காரரான பேணுதருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மனிதர் அசரவில்லை. "நான் என்னம்மா பண்றது? எல்லாம் உன் டீயில இருக்கிற சர்க்கரை பண்ற வேலை" என்றார். அன்றிலிருந்து வீட்டில் டீயைத் தொடுவதில்லை. காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவார்.

அதற்கடுத்த பரிசோதனையில் இன்னும் ஏறியது. ரூனுமி அறிக்கையை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். இதே நோயில்தான் அவருடைய அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள். பெற்ற அப்பாவைவிட இந்தக் கிழவர்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம். ஒரு கோப்பை டீயில் இருக்கும் சர்க்கரை எறும்புக்குக்கூடக் காணாது; பின்னே எப்படி ஏறுகிறது?

எறும்பே காட்டிக்கொடுத்தது. ஆணியில் தொங்கிய கோட்டின் பைக்குள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே காகிதத்தில் மடித்த வெல்லக்கட்டி.

"அப்பா, எறும்புக்கெல்லாம் உங்க பையில என்ன வேலை?"

"உன்னைப் பாத்துக் கத்துக்கிச்சுங்க போல. சர்க்கரை ஆராய்ச்சி பண்ணுதுங்க."

சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பெரியப்பா காலை மறந்துட்டீங்களா?"

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். "உள்ளங்கையில வெல்லத்தை வச்சு ஒரு நக்கு, டீ ஒரு மடக்கு. சின்ன வயசுலேருந்து அப்படித்தாம்மா. அந்த வாசனை இல்லாம டீ தொண்டையில இறங்க மாட்டேங்குது. அதான் டீக்கடைப் பக்கம் போயிடறேன்."

வாசனைதானே என்று ரூனுமிக்குப் பொறி தட்டியது. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிடித் தேயிலை கேட்டு வாங்கிவந்தாள். நன்றாக வாடவிட்டு, உலர்த்தும்போது கொஞ்சம் தூக்கலாகச் சூடு காட்டிய தூள்.

பேணுதர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"வெல்லம் போட்டியா?"

"ஒரு துளி இல்ல. இலையில இருந்த சர்க்கரை சூட்டுல வாசனையா மாறிடுச்சு. மூக்குக்கு மட்டும்தான் இனிக்கும்."

ஒரு மடக்குக் குடித்தார். பழக்கதோஷத்தில் இடது உள்ளங்கை தானாக வாய்க்குப் போனது. வெறுங்கையை நக்கிவிட்டு மருமகளைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்த புதுப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எறும்புக்குப் போட்டுடு."