நேட்டிவ் எது, சார்?

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் தப்பாகப் பேசினாலும் கண்டுபிடிக்க எதிரே ஆள் இருக்காது. சாக்பீஸ் தூளை விழுங்கிய சக ஆசிரியர்களே, இந்தத் தொழிலின் நோயும் அதுதான். சுனாமி வந்து பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியறையில் சாயங்கால வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, எனக்கு அந்த நோய் முற்றியது. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. என் ஆங்கிலம் இந்தத் தீவுக்கு வெளியே செல்லுபடியாகுமா என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ள ஆசை. தாய்லாந்துக் கிராமப் பள்ளியொன்றில் ஆறு மாதம் ஆங்கிலம் கற்பிக்க வாலண்டியர்கள் தேவை என்று இணையத்தில் பார்த்து, விண்ணப்பித்துவிட்டேன்.

சம்பளம்

முதலில் சொன்னது கீழே துணிக்கடை வைத்திருந்த காதர் பாயிடம். நான் போனால் மாடியறையைக் காலி செய்யவேண்டும், அவருக்குத் தெரியவேண்டுமே. சம்பளம் எப்படி என்று கேட்டார். சம்பளம் கிடையாது, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாம்தான் கட்டவேண்டும் என்றேன். மீட்டர் கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்த பெங்காலி அம்மாளுக்கும் இந்தியில் விஷயத்தை விளக்கினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினாள்.

"அரே மாஸ்டர், மத்லப் காசும் நீங்க குடுத்து, வேலையும் நீங்க செய்யணுமா? அதுக்கு என் கடையிலயே நில்லுங்க, பாதி காசு வாங்கிக்கறேன்."

வழி

வரைபடத்தை விரித்தால் தாய்லாந்து நமக்குச் சென்னையைவிடப் பக்கம். ஆனால் இங்கிருந்து நேரே போக வழியில்லை. மேற்கே சென்னைக்குப் போய், அங்கே விமானம் மாறி, வந்த கடலையே திரும்பத் தாண்டிக் கிழக்கே போகவேண்டும். என் மனைவி ஜெசிந்தா தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. திசையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டெலானிபூர் வீட்டில் மீன் அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது கிளம்பியிருப்பேனோ என்னவோ. வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவது என் பழைய வழக்கம். அதைத்தான் நினைவூட்டினாள்.

"எப்பிடியும் நம்ம வீட்டுக்கு மேலதான பறப்பீங்க, சாவிய மறந்து கொண்டுபோயிட்டா அங்கேருந்தே போட்டுருங்க."

நேர்காணல்

வாலண்டியர்களை அனுப்பும் அமைப்பிலிருந்து தொலைபேசியில் ஒரு பெண் பேசினாள். இளங்குரல், மரியாதையான ஆங்கிலம். இரண்டாவது கேள்வியே, "நீங்கள் நேட்டிவா?" என்றுதான் என் காதில் விழுந்தது. நம் தீவில் இரண்டு பேர் சந்தித்தால் பெயருக்கு முன்னால் கேட்பது 'நேட்டிவ் எது', அதாவது சொந்த ஊர் எது என்பதைத்தான். இங்கே எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது: "நேட்டிவ் பரமக்குடி, மேடம். அப்பா இங்கே அந்தமானில் ரங்கத் வந்து செட்டில் ஆனவர்." ஆங்கிலம் எனக்குத் தாய்மொழியா என்று அவள் கேட்டிருக்கிறாள் என்பது அடுத்த நொடியில் புரிந்தது.

மறுவாரம் பதில் வந்தது. என்னை எடுத்துக்கொள்கிறார்களாம், உதவி ஆசிரியராக. பாடம் நடத்தப்போவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, அப்போதுதான் கல்லூரி முடித்த ஓர் இளைஞன். போகலாமா, விடலாமா என்று பல நாள் குழம்பினேன். அந்தப் பெண்ணைக் குறைசொல்ல முடியாது. அவள் உண்மையான அக்கறையோடுதான் அன்று கேட்டாள்:

"மன்னிக்கவும் சார், பரமக்குடி எந்த நாட்டில் இருக்கிறது?"

எழுத்து

பதில் எழுதாமலே வகுப்புக்குப் போனேன். 'வாலண்டியர்' என்று பலகையில் எழுதி, வாக்கியம் சொல்லச் சொன்னேன். செல்வி எழுந்தாள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு அவளுடைய சிறுவயது தகரக் கொட்டகையில் கழிந்தது. இப்போது வளர்ந்து, என்னிடம் கப்பல் வேலைக்கான நேர்முகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பயிற்சி பாதிதான் முடிந்திருந்தது; நான் போனால் அதோடு நிற்கும்.

கொட்டகைக்கு வாலண்டியர்கள் மாறி மாறி வந்தார்களாம். ஒவ்வொருவரும் 'ஏ'யிலிருந்து தொடங்குவார்கள். பிள்ளைகளுக்கு எல்லா எழுத்தும் ஏற்கெனவே தெரியும். பாவம், வந்தவர்கள் சந்தோஷப்படட்டும் என்று கூடவே கத்துவார்களாம். 'எம்' வருவதற்குள் வாலண்டியர்கள் திரும்பிப்போகும் கப்பல் வந்துவிடும். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். காதர் பாய் மூலம் என் விஷயம் மாடிக்கும் ஏறியிருந்தது போலும். செல்வி உட்காரவில்லை.

"நீங்க அங்க போனா எந்த எழுத்து வரைக்கும் சார் இருப்பீங்க?"

வரவில்லை என்று அன்றே எழுதிப்போட்டேன். செல்விக்காகவா, அந்த இளைஞனுக்குப் பலகை துடைக்க மனமில்லாமலா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. செல்வி இப்போது கப்பலில் அறிவிப்புச் செய்கிறாள், மாடியறை துணிக்கிடங்காகிவிட்டது. தலைக்கு மேலே கிழக்கு நோக்கி விமானம் போகும்போதெல்லாம், சாவி பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதுதான் என் வெளிநாட்டு அனுபவம்.