அம்மாவிடம் சொல்ல வேண்டாம்

ஜெர்மனியின் பான் நகரத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படிப்பித்தேன். கிழமை நாட்களில் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவன், சனிக்கிழமை காலையில் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு ஆசிரியராகிவிடுவேன். ஒத்த சொற்கள் என்றால் எனக்குப் பைத்தியம். ஒரு நாள் கரும்பலகையில் ‘புகட்டுதல்’ என்று எழுதி, அதன் கீழே ஊட்டுதல், போதித்தல், பதிய வைத்தல், விதைத்தல் என்று அடுக்கிக்கொண்டே போனேன். போதிப்பது காதோடு நின்றுவிடும், புகட்டுவது அப்படியல்ல, குழந்தைக்கு மருந்து கொடுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குவது என்று விளக்கம் வேறு. பின்வரிசை வாங்கில் இருந்த பெற்றோர் தலையாட்டினார்கள். அந்த வருட விழாவில் ‘பிள்ளைகளுக்கு நல்லதைப் புகட்டுவோம்’ என்று அரை மணித்தியாலம் பேசிக் கைதட்டும் வாங்கினேன். அந்த மேடையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் என் மகளுக்கு நான் எதைப் புகட்டினேன் என்று அந்த மேடைக்குத் தெரியாது.

எங்கள் அகதி வழக்கு அப்போது இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டித் தருவார்கள். இடையிடையே கடிதம் வரும். முதல் நிராகரிப்புக் கடிதம் வந்தபோது என் மனைவி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, நாலாம் நாள் பஸ் தரிப்பிடத்தில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு கடிதப்பெட்டித் திறப்பை, இருந்த ஒரே சாவியை, நான் என்னோடேயே வைத்துக்கொண்டேன். ஆனால் என்னுடைய ஜெர்மன், சமையலறை ஜெர்மன். தட்டு, கத்தி, கெதியாய் என்பதற்கு மேல் போகாது. எங்கள் சனத்தில் பல வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. எட்டு வயதிலேயே மகள் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

கடிதம் வந்தால் அவளை மாடிப்படியில் இருத்தி வாசிக்கச் சொல்வேன். நீளமான சொற்களுக்குக் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பாள். வாசித்து முடித்ததும் நான் மெல்லச் சொல்வேன். “அம்மாட்டச் சொல்லாதை பிள்ளை. பயந்துடுவா. சும்மா ஒரு டெர்மின், வரச்சொல்லி நாள் குறிச்சிருக்கு எண்டு சொல்லு.” முதல் இரண்டு மூன்று தடவை, தாய் கேட்கும்போது பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். பத்து வயதில், தாய் கேட்க முன்னமே, “பள்ளிக்கூடத்தால வந்தது அம்மா” என்று சொல்லிவிட்டுப் பாணுக்குப் பட்டர் பூசத் தொடங்குவாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொறுப்பான பிள்ளை, கெட்டிக்காரி என்று வேலையிடத்தில்கூடச் சொல்லித் திரிந்தேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது மனைவியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பெண்களைப் பார்க்கிற டொக்டரிடம் ஆம்பிளை என்னத்துக்கு என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். மொழிபெயர்க்க மகள்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தாயோடு போனாள். பின்னேரம் வந்து கேட்டபோது மனைவி சிரித்தாள்.

“ஒண்டுமில்லையாம். சின்னக் கட்டியாம், தானாக் கரைஞ்சு போகுமாம்.”

மகள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “அப்பிடியோ பிள்ளை?” என்று கேட்டேன். “ஓம் அப்பா” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. எங்கள் வழக்கின் கடைசித் தீர்ப்பு இன்னும் சில மாதத்தில் வரும் என்ற கடிதத்தை அந்தக் கிழமைதான் அவள் எனக்குப் படியில் வைத்து வாசித்திருந்தாள். “இனி இன்னொரு பிரச்சினை வந்தா என்னால தாங்க ஏலாது” என்று நான் அவளிடம் சொன்னதும் அன்றைக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து, அவள் வகுப்போடு ஐந்து நாள் சுற்றுலா போயிருந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசிக்க ஆளில்லை. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதினேன். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்க உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம், அவசரம் என்றும் சொல்லியிருந்தோம், இன்னும் முடிவு வரவில்லை, உடனே வாருங்கள். எங்காவது பிழை விட்டிருப்பேன் என்று திரும்பத் திரும்பப் புரட்டினேன். சொற்களில் ஒரு பிழையும் இல்லை.

மகள் திரும்பி வந்த அன்று மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸால் இறங்கியவளிடம் கேட்டேன்.

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பையின் அடியிலிருந்து நாலாய் மடித்த, டொக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை எடுத்துத் தந்தாள்.

“அம்மா பயந்துடுவா. உங்களுக்கும் ஏலாது எண்டனீங்கள். தீர்ப்பு வரட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

கையை ஓங்கிவிட்டேன். மற்றப் பெற்றோர் பார்த்தார்கள். அவள் விலகவும் இல்லை, அழவும் இல்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டு மாதம் அந்தத் துண்டைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. நாங்கள் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மனைவி பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். விசாவும் கிடைத்தது. மகளை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: “அவளை ஏசிப் பேசிப்போடாதேங்கோ. அந்த ரெண்டு மாசமும் நான் நிம்மதியாத்தானே இருந்தனான்.” நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் நடந்த கதையை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, சொல்லவில்லை.

செத்தவீடு முடிந்து ஒரு மாதமிருக்கும். சோறு போட்டு வைத்துவிட்டு மகள் எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

“அப்பா, அப்பவே போயிருந்தா அம்மா இருந்திருப்பாவோ?”

இதே கேள்வியை நான் ஏற்கனவே ஆஸ்பத்திரி டொக்டரிடம், தெரிந்த ஒரு அண்ணையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருந்தேன். முந்தியே வந்திருந்தால் பிழைக்கக் கூடிய வாய்ப்பு இருந்திருக்கும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

“இல்லை பிள்ளை. ரெண்டு மாசத்தால ஒரு வித்தியாசமும் வந்திராது. டொக்டரே எனக்கு வடிவாச் சொன்னவர்.”

மகள் தலையாட்டினாள்.

“ஓம் அப்பா. நானும் போன கிழமை போய் அவரைக் கேட்டனான். உங்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னவர்.” பிறகு என் சோற்றுக் கோப்பையைப் பார்த்து, “சாப்பிடுங்கோ, ஆறப்போகுது” என்றாள்.

அவருக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிற பழக்கமில்லை. அவர் அவளுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு என்ன சொன்னார் என்று அவளுக்கும் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை எனக்கு எதிரே இருந்து என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன்.