ஒரே தளம், இரண்டு பந்தி

கணினிக்கென்று கட்டிய இணையதளத்தைச் சுருக்கினால் கைப்பேசிக்கான இணையதளம் கிடைத்துவிடும் என்று மக்கள் பரவலாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இங்கே பதிவு செய்கிறேன். வேட்டியைச் சுருக்கினால் கைக்குட்டை ஆகாது. சுருங்கிய வேட்டிதான் ஆகும். இணையதளம் கட்டிப் பிழைத்து, இதை என்னைப் போலவே தாமதமாகத் தெரிந்துகொண்ட சக துயரவாசிகளுக்காகச் சில துணுக்குகள். காலம், இரண்டாயிரங்களின் கடைசி. இடம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி.

சோறும் இலையும்

கோவளத்தில் ஐஸ் வியாபாரம் செய்துவந்த முனுசாமி அண்ணன் ஒருநாள் எங்கள் மாடி ஏறி வந்தார். கடற்கரைச் சாலை ஓட்டல்கள் அன்றன்றைக்கு என்ன மீன் வேண்டும் என்பதைக் கணினியில் பதிய வேண்டும். கரையில் ஏலம் எடுக்கும் பெண்கள் அதைத் தங்கள் போனில் பார்க்க வேண்டும். இப்போதைக்கு இரண்டு தரப்பும் தனக்கே போன் செய்து காலை முழுக்கக் காதைக் குடைவதாகச் சொன்னார்.

எங்கள் முதலாளி பார்த்தசாரதி சார் உடனே இரண்டு தளங்கள் என்று முடிவு செய்தார். ஓட்டலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. நானும் தலையாட்டினேன். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வரும் ரேவதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு தளம் என்றால் ஒன்றில் மாற்றியதை இன்னொன்றில் மாற்ற மறப்போம் என்றார். தகவல் ஒரே ஃபிரேம்வொர்க்கில், அதாவது ஒரே கட்டமைப்புக்குள், ஓரிடத்தில் இருக்கட்டும். கேட்பது போனா கணினியா என்று பார்த்து, அதற்கேற்ற பக்கத்தை அதுவே அனுப்பட்டும் என்பது அவர் யோசனை. கரையில் வெள்ளோட்டம் பார்க்கும்போது ஓடாவிட்டால் ஆறாவது மாதத்தோடு கிளம்ப வேண்டியதுதான் என்றார் சார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மனம் மாறியிருப்பேன். ரேவதி அசையவில்லை.

"சோறு ஒண்ணுதான் சார். தலைவாழை எலையும் டிபன் பாக்ஸும்தான் வேற."

என் பங்களிப்பு

கணினிப் பக்கத்தின் தலைப்பகுதி என் பொறுப்பு. மீன் தளம் என்றால் வெறும் மீன் பட்டியலா? நெய்தல் திணையில் தொடங்கி, தமிழ் மனத்தில் கடலுக்குள்ள இடத்தைப் பற்றி மூன்று பத்தி எழுதினேன். அன்றைய கணினிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆகவே அத்தனையையும் அலைகளின் பின்னணியோடு ஒரே பெரிய படமாகச் செய்து மேலே வைத்தேன்.

அதே காரணத்துக்காக ரேவதியும் மீன் பெயர்களைப் படமாகத்தான் செய்திருந்தார். ஆனால் ஒவ்வொன்றும் கறுப்பு வெள்ளையில், நகத்தளவு. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று முப்பது பெயரும் சேர்ந்து என் ஓர் அலையின் எடைகூட இல்லை. போன் பக்கத்தில் என் கட்டுரை எங்கே என்று கேட்டேன். வந்த பதிலை அன்று பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"அத கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன் அண்ணா. அங்கதான் எடம் கெடக்கு."

வெள்ளோட்டம்

காலை ஆறரை மணிக்குக் கோவளம் கரையில் சார், ரேவதி, நான் மூவரும் நின்றோம். முனுசாமி அண்ணன் கஸ்தூரி அக்காவைக் கூட்டி வந்தார். ஏலம் எடுக்கும் பெண்களில் அவர் சரி என்றால்தான் மற்றவர்கள் தொடுவார்கள். அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்தார். பெயரில்லாத சீன போன். இரண்டு சிம், பக்கத்துப் படகுவரை கேட்கும் ஸ்பீக்கர். முகவரியைத் தட்டினோம். கொஞ்ச நேரம் வெறும் திரை. பிறகு மேலிருந்து கீழாக, கோடு கோடாக, என் நெய்தல் கட்டுரை இறங்கத் தொடங்கியது.

ஒரு போன் தளத்தைத் திறக்கும்போது தன் பெயரைச் சொல்லும். எங்களிடமிருந்த பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் போனுக்கான சின்னப் பக்கம் போகும்; இல்லாவிட்டால் கணினிக்கான பெரிய பக்கம். பட்டியலைத் தயாரித்தவன் நான். தாம்பரத்தில் எங்கள் சட்டைப் பைகளில் இருந்த கௌரவமான கம்பெனி போன்கள் எல்லாம் அதில் இருந்தன. கஸ்தூரி அக்காவின் போனோ தன்னைக் கணினி என்றே அறிமுகப்படுத்திக்கொண்டது. சார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேவதி உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா திரையை எட்டப் பிடித்து இரண்டு வரி படித்தார்.

"இன்னா கண்ணு, கடலப் பத்தி எனுக்கே பாடம் எடுக்குது. மீனு எங்க கீது?"

தாம்பரம் பேருந்து

முனுசாமி அண்ணன் மறுநாள் காலைவரை தவணை கொடுத்தார். இரண்டு முகவரியில் இரண்டு தளமாக இருந்திருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது என்று சார் முன்சீட்டிலிருந்து ஒருமுறை திரும்பிச் சொன்னார். அது உண்மையும்கூட. பின்சீட்டில் நான் பரிகாரம் சொன்னேன்: உலகிலுள்ள எல்லா போன் பெயர்களையும் திரட்டி, அகரவரிசையில் முழுமையான ஒரு பட்டியல். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். கேளம்பாக்கம்வரை பொறுமையாகக் கேட்ட ரேவதி, பொய் சொல்கிற போனைப் பட்டியல் என்ன செய்யும் என்று கேட்டார்.

வண்டலூர் வருவதற்குள் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. யார் கேட்டாலும் முதலில் சின்னப் பக்கம்தான். அதற்குள் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் இருக்கும். அது திரையின் அகலத்தை அளந்து, அகலமாக இருந்தால் மட்டும் பெரிய பக்கத்தை வரவழைக்கும். ஸ்கிரிப்டை ஓட்டத் தெரியாத போன் சின்னப் பக்கத்திலேயே நின்றுவிடும். அதற்கு வேண்டியதும் அதுதான். இத்தனை வருடம் படித்த படிப்பில் இவ்வளவு சுத்தமான ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மாலை காபி வருவதற்குள், ஓரிடத்தில் சில வரிகளை மாற்றி வேலையை முடித்தார். பேருந்தில் அவர் சொன்ன வாக்கியத்தை டிக்கெட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டேன்.

"பேரக் கேக்க வேணாம் அண்ணா. எவ்ளோ எடம் இருக்குனு மட்டும் கேப்போம்."

வஞ்சிரம்

மறுநாள் காலை அக்காவின் போனில் சின்னப் பக்கம் சட்டென்று வந்தது. ஓட்டல் ஒன்று வஞ்சிரம் கேட்டிருந்தது. அக்கா ஏலத்துக்குப் போனார். அதற்குள் ஓட்டல் மனம் மாறி, வஞ்சிரத்தை நீக்கிவிட்டுச் சங்கரா என்று பதிந்தது. கை தூக்குமுன் அக்கா எதற்கும் ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்த்தார்; தூக்கவில்லை. சாரின் திட்டப்படி இரண்டு தளமாக இருந்தால், அந்த மாற்றத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து எழுத வேண்டிய ஆள் நான். நான் அப்போது முனுசாமி அண்ணனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். சங்கராக் கூடையோடு வந்த அக்கா, நேராகச் சாரிடம் போய் நின்றார்.

"அந்த வஞ்சிரத்த எடுத்துகினு நான் எங்க போய் நின்னிருப்பேன் சார்?"

ஓட்டலிலிருந்து ஒரு போன்

அடுத்த வாரம் ஓட்டலின் கொள்முதல் அதிகாரி அழைத்தார். பெரிய பக்கம் மிக அழகாக இருப்பதாகவும், மீன் பட்டியல்வரை உருட்டி இறங்குவதற்குள் விரல் வலிப்பதாகவும் மரியாதையோடு சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கரையில அந்தம்மா போன்ல வர்றத எங்க கம்ப்யூட்டருக்கும் அனுப்ப முடியுமா சார்?"

மொத்தத்தில், அந்த மாதக் கடைசியில் பெரிய பக்கத்தின் தலைப்பகுதி எடுக்கப்பட்டது, ரேவதியின் வேலை நிரந்தரமானது, என் விடுப்புக் கடிதங்களை இனி அவரிடமே கொடுக்க வேண்டும் என்று அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டப்பட்டது.