பேச்சியம்மா போன ஜங்ஷன்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேச்சியம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. வாயும் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் அழகுமுத்து தோட்டத்து லொறியில் கிளீனர். ஐம்பத்தைந்தாம் வருஷம் நடந்ததை அவளே சொல்லிப் பலதரம் கேட்டிருக்கிறேன். ஓரிடத்துக்கு வந்ததும் குரல் நின்றுவிடும். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவாள்.

அன்று விடியுமுன்னே லொறி கண்டிக்குப் புறப்பட்டது. ஃபெக்டரிக்கு ஏதோ மெஷின் சாமான் ஏற்றி வர வேண்டியிருந்தது. டிரைவர் செல்லசாமி, பக்கத்தில் அழகுமுத்து. பேச்சியம்மா ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். பனி இறங்கி, பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்பவள் முகம்கூடத் தெரியாத காலை.

வெயில் ஏறும் நேரமாகியும் பனி கலையவில்லை. ஆபீசுக்குப் போனில் செய்தி வந்திருக்கிறது. கிளாக்கர் ஐயா சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு சின்னராசா கங்காணி மலையடியிலிருந்து கத்தினார்.

"ஏ பேச்சி! ஜங்ஷன்ல லொறி பெரண்டுருச்சாம்! ஒம் புருசன் அடியில மாட்டிக்கிட்டானாம்! ஓடு!"

கத்திவிட்டு அவர் துரை பங்களாவுக்கு ஓடினார். மற்றப் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கமாக ஓடினார்கள். பேச்சியம்மா மட்டும் ஸ்டேஷனுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினாள்.

அவளுக்கு ஜங்ஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்குச் சிறுமியாக வரும்போது திருச்சி ஜங்ஷனில் இரண்டு நாள் கிடந்திருக்கிறாள். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் அம்மா தன் முந்தானையோடு அவளை முடிந்து வைத்திருந்தாளாம். ரயில்கள் வந்து சேர்ந்து பிரிகிற இடம் ஜங்ஷன். இந்த நாட்டில் அவளுக்குத் தெரிந்தது பேராதனை ஜங்ஷன். அது கண்டிக்குப் பக்கம். லொறி போனதும் கண்டிக்கு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

குறுக்குப் பாதையின் பாதியில் கீழே பனிக்குள் ஆட்கள் கூடி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. தலைகளும் இரண்டு மூன்று குடைகளும். யாரோ பெரிதாகச் சத்தம் போட்டார்கள். பஸ் ஏதாவது நின்றுபோயிருக்கும் என்று நினைத்தாள். அதற்குள் ரயில் ஊதியது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

பேராதனையில் இறங்கியபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. லொறி எங்கே, லொறி எங்கே என்று போர்ட்டர்களைக் கேட்டாள். அவர்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை விரித்தார்கள். கடைசியில் ஸ்டேஷன் வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அலியார் நானா அவளைக் கூப்பிட்டார்.

"கூடைய எறக்கி வைம்மா மொதல்ல."

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. காலையில் பறித்த கொழுந்தோடு கூடை முதுகிலேயே இருந்தது. கொழுந்து வாடிக் கறுத்திருந்தது.

முழுவதையும் கேட்டபின் அலியார் நானா சற்று யோசித்தார்.

"ஏம் புள்ள, ஜங்ஷன்டா ரயிலுக்கு மட்டும் இல்ல. ரோட்டு ரெண்டு மூணு வந்து சேர்ற சந்திக்கும் இங்கிலீசுல அதான் பேரு. இப்ப பஸ்காரனுங்க எல்லாம் அப்படித்தான் கூப்புடுறானுங்க. ஒங்க தோட்டத்துப் பக்கம் அப்படி எடம் ஏதும் இருக்குதா?"

"மூணு ரோடு" என்றாள் பேச்சியம்மா.

தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் போய்ச் சேருமிடம். குறுக்குப் பாதையிலிருந்து கல்லெறிந்தால் விழுகிற தூரம். பனிக்குள் பார்த்த தலைகளும் குடைகளும் அவள் கண்முன் வந்து நின்றன. அவள் குரல் நிற்பது இந்த இடத்தில்தான். அழுகை வரவில்லையாம். கைவிரல்கள் மட்டும் கொழுந்து கிள்ளுவதுபோலத் தாமாக அசைந்துகொண்டே இருந்தனவாம். அலியார் நானா பார்த்துப் பயந்துபோய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அவர் கெஞ்சிக் கேட்டதால் ஸ்டேஷன் மாஸ்டர் வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போனில் பேசிப் பார்த்தார். ஒருவர் செத்துவிட்டார், ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். யார் எவர் என்று தெரியாது. அதுதான் பதில். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவள் ராத்திரி ரயிலில் திரும்பினாள்.

மறுநாள் காலையில் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குள் நுழைந்தவளைக் கண்டு அடுத்த வீட்டு ராக்காயி அலறினாள்.

"எங்கடி போயிட்ட? ஒன்னப் பேர் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே கெடந்தானேடி! நீ ஓடிப்போயிட்டேன்னு ஊரே பேசுது!"

"அவுக இருக்காகளா?"

"உசுரோட இருக்கான். ஒரு கால எடுத்துட்டாங்க. செல்லசாமிதான் போயிட்டாரு."

"சாமி!" என்று பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குமுன் செல்லசாமியின் மனைவி லெட்சுமி எதிர் வாசற்படியில் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் அறிந்தாள். விடியற்காலையில் மூணு ரோட்டுக்கு இந்தப் பக்கம், கடைவீதியிலேயே பிரேக் பழுதாகி லொறி வெகுநேரம் நின்றிருக்கிறது. சரிசெய்துகொண்டு கண்டிக்குக் கிளம்பி, மூணு ரோட்டில் திரும்பும்போது புரண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அழகுமுத்து அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பேராதனைக்குப் போனேங்க. ஜங்ஷன்னு சொன்னாங்க."

"மூணு ரோடு தெரியாதா ஒனக்கு? தெனமும் நடக்குற எடம்."

அவள் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தான், அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் பஸ்ஸிலும் பேசவில்லை. மேட்டில் பஸ் வேகம் குறைந்ததும் கண்டக்டர், "ஜங்ஷன்! ஜங்ஷன் எறங்குறவங்க வாங்க!" என்று கத்தினான். அழகுமுத்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். மூணு ரோடு. ரோட்டோரத்தில் லொறி உழுத மண் இன்னும் மூடவில்லை.

"இதையா சொன்னாங்க?" என்று கேட்டான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

பிறகு அவனுக்கு ஃபெக்டரியில் உட்கார்ந்து தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. லெட்சுமியும் பேச்சியம்மாவும் பல வருஷம் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தார்கள். ஒருநாள் பேச்சியம்மா வழக்கம்போல, "கூப்புட்டப்ப நான் இல்லாமப் போயிட்டேனே" என்று தொடங்கினாள். லெட்சுமி பறிப்பதை நிறுத்தினாள்.

"நான் இருந்தேன் பேச்சி. லொறியத் தூக்குற வரைக்கும் எம் புருசன் கையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன். அதப் பாக்காமப் போனியே, நீ குடுத்து வச்சவ."

பேச்சியம்மா அவள் நிரைக்குத் தாண்டி வந்தாள். இருவரும் நிரை முடியும்வரை சேர்ந்தே பறித்தார்கள்.