மணல் மேட்டுக் குடித்தனம்

பங்குனி வெயிலில் ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, லாரி அப்போதுதான் கொட்டிவிட்டுப் போன ஆற்று மணலில் கணுக்கால் வரை காலைப் புதைத்தால் உள்ளங்காலில் இருந்து உச்சந்தலைக்கு ஏறுமே ஒரு குளிர்ச்சி, அதை அனுபவிக்காதவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. கரூர்ப் பக்கத்தில் இருந்து வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு வரும் அந்த மணலுக்குப் பாசியும் மீனும் கலந்த ஆற்று வாசனை உண்டு. கையை விட்டுத் துழாவினால் கிளிஞ்சல் வரும், வழுவழுப்பான கூழாங்கல் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் நத்தைக் கூடு உடையாமல் முழுசாக வரும். நான் ஏழாவது படித்த வருஷம், எங்கள் வீட்டுக்கென்றே ஒரு லோடு மணல் வந்து இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

துடியலூரில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சோளக்காட்டைப் பிரித்து ‘சைட்டு’ போட்டிருந்த புது வீதியில் அப்பா வீடு கட்டிக்கொண்டிருந்தார். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர் வேலை; ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் என்னை உட்காரவைத்துக்கொண்டு வந்து செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்கார அம்மாள், மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் சித்திரைக்குள் வீட்டைக் காலி செய்துவிடும்படி சொல்லியிருந்தார். குழாயடியில் நாங்கள் பிடிக்கும் ஒவ்வொரு குடத்தையும் ஜன்னல் வழியாக முறைத்துப் பார்க்கிற அந்தக் கண்ணில் இருந்து தப்பித்தால் போதும் என்று அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தார். சித்திரையில் புதுமனை புகுவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. பூச்சு வேலை மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் அந்த மணல்.

மணலுக்கு அப்பா செய்த ராஜ மரியாதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காற்றில் பறந்துவிடக் கூடாதென்று தண்ணீர் தெளித்து, பலகையால் தட்டித் தட்டிச் செங்குத்தான மேடாக்கினார். ராத்திரி எவனாவது அள்ளிக்கொண்டு போனால் தெரியவேண்டும் என்று மணலின் மேலேயே சுற்றிலும் சுண்ணாம்புத் தண்ணீரால் கோடு இழுத்தார். நடுவில் கொத்தனார் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட, மணல் மேடு அப்படியே இறுகி நின்றது. வீதி முனையில் வேம்பு பூத்துக் கொட்டியது. புங்க மரத்தடியில் விழுந்த பூ பொரியைச் சிந்தியதுபோல் கிடந்தது. அந்த நேரத்தில்தான் மேட்டின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு பொந்து தென்பட்டது. அப்பா குனிந்து பார்த்து, “எலி” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி, பாதிச் செங்கல்லை எடுத்து அடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். கரண்டுக் கம்பியில் ஒரு குருவி. உடம்பெல்லாம் தளிர்ப் பச்சை, தலையில் செம்பு நிறம், கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி கறுப்புக் கோடு, வாலின் நடுவில் ஊசியாக நீண்ட இறகு. அலகில் ஒரு தட்டானைக் கவ்விக்கொண்டு விர்ரென்று இறங்கி, செங்கல்லுக்கு முன்னால் சிறகடித்து நின்று, உட்கார இடமில்லாமல் திரும்பக் கம்பிக்குப் போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. உள்ளே யாரோ இருக்கிறார்கள், இல்லாவிட்டால் யாருக்காக இந்தத் தட்டான்? பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய்ச் செங்கல்லை இழுத்தேன். மணல் பொலபொலவென்று சரிந்தது, அடுத்த நொடியே இன்னொரு பச்சைக் குருவி உடம்பெல்லாம் மணலாக என் காதை உரசிக்கொண்டு பறந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர் சைட்டில் செங்கல் சுமந்துகொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இயற்கை மன்றம் என்று ஒன்று பெயருக்கு இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை செடி நடுவோம். ஆடு வந்து தின்றுவிட்டுப் போகும். அதை நடத்திய ஸ்டெல்லா டீச்சரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அது பஞ்சுருட்டான், மணல் கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் என்றவர், அன்று சாயங்காலமே மன்றத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு எங்கள் சைட்டுக்கு வந்துவிட்டார். அதே சாயங்காலம் கொத்தனார் பழனிச்சாமியும் ஊரில் இருந்து வந்து சேர்ந்தார், விடிந்தால் பூச்சு வேலை தொடங்குவதற்கு. அவரிடம் வேலையைச் சொல்ல அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள்.

குஞ்சுகள் பறக்கும்வரை மணலைத் தொடாமல் இருக்க முடியுமா என்று டீச்சர் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். எப்போது பறக்கும் என்று அப்பா கேட்டதற்கு, சித்திரை பாதிக்கு மேல் ஆகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அப்பா கோபப்படவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

“ஏனுங் டீச்சர், குருவிக்குப் பாவம் பாத்தா, நாங்க கொழந்தையக் கூட்டிட்டு எங்கீங்க போறது?”

எனக்கும் அந்த வாடகை வீட்டை விட்டுப் போகவேண்டும், குருவியும் வேண்டும். அம்மா மணல் மேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். குருவி ஒரு தேனீயைக் கொண்டுவந்து, கம்பியில் அடித்துக் கொடுக்கை நீக்கி, வளைக்குள் நுழைந்து வெளியே வந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினார்.

“முன்செவுரு பூசாட்டி என்னுங்க இப்ப? உள்ளுக்குள்ள பூசிக் குடி போயிரலாம். காலி பண்ணச் சொல்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க.”

அப்பா கொத்தனாரிடம் திரும்பி, உள்பூச்சுக்கு மணலுக்கு என்ன வழி என்று கேட்டார். பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். புது வீதியாயிற்றே, வீட்டுக்கு வீடு வாசலில் மணல் கிடந்தது. அதில் பாதி வீடுகளுக்கு அவர்தான் கொத்தனார். மறுநாள் காலையில் அவரே வாசல் வாசலாகப் போய்ப் பேசினார். எதிர் சைட்டுக்காரர் முதலில் கொடுத்தார். அவர் கொடுத்துவிட்டாரே என்பதற்காகப் பக்கத்து சைட்டுக்காரரும் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நாங்கள் பாண்டுச் சட்டியில் மணலை அள்ளித் தலையில் சுமந்து, வீதியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினோம். மணல் கழுத்துக்குள் இறங்கி நமநமவென்று அரித்தது. அத்தனை சந்தோஷமான கூலி வேலையை நான் அதற்கப்புறம் பார்த்ததே இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. எலி என்று சொன்ன மனிதர் பஞ்சுருட்டானுக்கு வக்கீலாகிவிட்டார். மணல் திருட்டுக்குப் பயந்து போட்ட சுண்ணாம்புக் கோட்டை இப்போது தள்ளித் தரையில் போட்டு, “இந்தக் கோட்டத் தாண்டாதீங்க” என்று காவல் நின்றார். அம்மாவின் பழைய சேலை கிழிந்து வேலிக் கயிறானது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் பிள்ளைகளோடு வர, பிள்ளைகளோடு பெற்றோர் வர, அப்பாவின் கம்பெனி ஆட்கள் டீக்கடையில் இருந்து அப்படியே வந்து நிற்க, வீதியே நிறைந்துவிடும். யாரோ கொண்டுவந்த ஒரே ஒரு பைனாகுலர் கை மாறிக் கை மாறிப் போகும். அப்பா தெரிந்ததையும் சொல்வார், தெரியாததையும் அடித்துவிடுவார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகத் திருத்துவார். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், தன் வாய்க்கால் மேட்டிலும் இதே பொந்துகளைப் பார்த்து எலி மருந்து வைத்திருக்கிறேனே என்று வாயில் கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கே எடுத்துவிடப் போனார்.

குறித்த நாளில் பால் காய்ச்சினோம். முன்சுவர் பூசாமல் செங்கல்லாக நிற்க, வந்த சொந்தக்காரர்கள் ‘ஏன், கையைக் கடித்துவிட்டதா?’ என்ற கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு வந்து, பலகாரத் தட்டோடு வாசலில் நின்று குருவி பார்த்தார்கள். அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, குஞ்சுகள் பறந்தது அதற்கடுத்த வாரம். அதையும் பார்த்தவர் அம்மா ஒருவர்தான். விடியற்காலையில் கோலம் போட உட்கார்ந்தவர் எங்களைக் கூப்பிட எழுந்தால் அவை பயந்துவிடுமோ என்று, கையில் கோலப்பொடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். ஒவ்வொன்றாக வளை வாயில் வந்து நின்று, வேப்பமரத்துக்கு எம்பிப் போனதாம். எங்களை எழுப்பாததற்கு நானும் அப்பாவும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த மணலில்தான் முன்சுவரைப் பூசினோம். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவரில் ஆணி அடித்தபோது, உதிர்ந்த காரையோடு ஒரு துண்டுக் கிளிஞ்சல் விழுந்தது. அந்த வருஷமே ஒரு கல்யாணத்துக்காகக் கரூர் போனபோது, ஆற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போக, கீழே எட்டிப் பார்த்தேன். பாறையும் பள்ளமும் கோரையும்தான் தெரிந்தன. வளை தோண்டுவதற்கு ஒரு முழம் மணல் கரை கண்ணில் படவில்லை. அந்தப் பறவைகளுக்கு நாங்கள் இடம் கொடுத்தோம் என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்! அவற்றின் கரையைத்தான் லாரியில் ஏற்றிவந்து எங்கள் சுவரில் பூசியிருக்கிறோம் என்று அன்று உறைத்தது.

இப்போது எங்கள் வீதியில் ஆற்று மணல் கிடையாது. கல்லை உடைத்த சாம்பல் நிற எம்-சாண்ட்தான் வந்து இறங்குகிறது. வாசனையும் இல்லை, கிளிஞ்சலும் இல்லை, கால் வைத்தால் சுடுகிறது. சட்டி சுமந்த பிள்ளைகளில் ஊரோடு இருப்பவர்கள் சேர்ந்து, வீதிப் பூங்காவின் மூலையில், வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார்; ஆனாலும் பங்குனி ஞாயிறுகளில் புதுப் பிள்ளைகளை அழைத்து வருகிறார். தண்ணீர் தெளித்துப் பலகையால் தட்டுவது அப்பாவின் வேலை. அதை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டார். போன பங்குனியில் ஒன்றும் வரவில்லை. அதற்கு முந்தைய பங்குனியிலும் வரவில்லை. மண் சரியில்லையோ என்று அப்பா போனிலேயே புலம்பிக்கொண்டிருந்தார்.

இன்று காலை, சூலூரில் என் வீட்டில் இட்லிப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் அப்பா, மெதுவான குரலில், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி பேசினார்.

“கண்ணு, எலி வந்திருச்சு. வெரசா கெளம்பி வா.”