நடு ஸ்பீக்கரில் வந்த குரல்

மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊரில் பாப்பாத்திக்கு ஒரு ஏக்கர் மரவள்ளியும் மரங்களில் ஏற்றிவிட்ட கொஞ்சம் மிளகும் உண்டு. ஐம்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. கணவர் குப்புசாமி சரக்கு லாரி ஓட்டியவர். நான்கு வருடங்களுக்கு முன் காமாலையில் இறந்தார். அவர் குரல் எந்தப் போனிலும் பதிவாகவில்லை. மிச்சமிருந்தது ஒரு சண்டைப் படத்தில் வரும் ஐந்து விநாடிகள்தான்.

மலைப்பாதையில் அந்தப் படத்தை எடுத்தபோது, இறங்கி வரும் லாரி ஒன்று தேவைப்பட்டு அவரையே ஓட்டச் சொன்னார்கள். எதிரே கதாநாயகனின் கார் சீறிக்கொண்டு ஏறும். குப்புசாமி தலையை நீட்டி, "பாத்து வாங்க சாமி, பாத்து" என்று கத்த வேண்டும். முகம் தெரிய உள்விளக்கைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்டி நகர்ந்ததும் அவர் கை தானாகப் போய் அதை அணைத்துவிட்டது. இருட்டில் வளைவு இறங்கும் எந்த ஓட்டுநரும் உள்விளக்கைப் போடமாட்டார்; போட்டால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், பாதை தெரியாது. இயக்குநர் இன்னொரு முறை எடுக்கவில்லை.

பாப்பாத்தியிடம் இருந்தது காளப்பநாயக்கன்பட்டியில் வாங்கிய டிவிடி. நான்கு படங்களை ஒரே தட்டில் திணித்த நகல். இரவுக் காட்சி வந்தால் திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கட்டங்கள் நெளியும். ஹாரன், டயர் தேய்வு, மேளம் எல்லாம் ஒரே இரைச்சலாக வரும். அந்த இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். படம் தொடங்கி ஒரு மணி பதினொன்றாம் நிமிடம். வேலை முடிந்து வந்தால் அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேட்பாள்.

டிவி பழுது பார்க்கும் செல்வம் அவளுக்கு அண்ணன் மகன். திண்ணனூர் நாட்டில் கடை. யாரிடமும் படிக்காமல், கெட்ட செட்டுகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன். சரிசெய்த எதையும் மூன்று முறை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கமாட்டான். முதலில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். கறுப்பு சாம்பலானது, முகம் வரவில்லை.

"இருட்டுல எடுத்தது இருட்டாத்தான் இருக்குமுங்க அத்தை. இல்லாததை நான் எங்கிருந்து கொண்டாறது?"

"மொகம் வேண்டாம் கண்ணு. கொரலையாச்சும் சுத்தமாக் குடு."

அதற்காகவே ஏழு மாதம் தேடி, சேலத்தில் அந்தப் படத்தின் அசல் புளூரே தட்டைப் பிடித்தான். அதில் ஒலி ஆறு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பிரிந்து வரும். பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும். மற்ற ஐந்தையும் கழற்றிவிட்டால் பேச்சு மட்டும் மிஞ்சும் என்பது அவன் கணக்கு. ஆறு ஸ்பீக்கர் செட்டு வைத்திருந்தவர் ஆரோக்கியராஜ். திருச்சிப் பக்கத்திலிருந்து மலையிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த மருந்தாளுநர்.

ஞாயிறு மத்தியானம் அவர் குவார்ட்டர்ஸில் கூடினார்கள். செல்வம் ஒயர்களை உருவுவதை அவர் கவலையோடு பார்த்தார்.

"அஞ்சையும் புடுங்கிட்டியே தம்பி. மிச்ச ஒண்ணுல நான் ஜெபமாலைதான் கேக்கணும் போல."

"திரும்ப மாட்டித் தந்துட்டுத்தான் போவேனுங்க சார்."

"ஓட்டிப் பாத்துட்டியாப்பா?"

"இல்லீங்க. மொதல்ல அத்தை கேக்கட்டும்."

மலையில் அறுத்த புதுச் சாமையைச் சாமிக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைப்பதில்லை. செல்வத்துக்கு இதுவும் அப்படித்தான் பட்டது. வாழ்நாளில் அவன் சோதிக்காமல் கொடுத்த ஒரே வேலை அது.

படம் ஓடியது. கார் சத்தமில்லாமல் ஏறியது. மேளம் இல்லை, ஹாரன் இல்லை. லாரியின் இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "பாத்து வாங்க சாமி, பாத்து."

சொற்கள் அதேதான். குரல் இளைஞன் ஒருவனுடையது. கனத்து, வழவழவென்று இருந்தது. குப்புசாமிக்கோ கரகரத்த தொண்டை. கடைசிச் சொல்லில் மூச்சு நின்றுவிடும்.

செல்வம் நிறுத்தினான்.

"ஆருடா அது?" என்றாள் பாப்பாத்தி.

"டப்பிங்குங்க அத்தை. சென்னையில வேற ஆளை வெச்சுப் பேசிச் சேத்துருக்காங்க."

"சேலம் தேட்டர்ல பாத்துட்டு வந்து, எங்கொரல் கணீர்னு கேட்டுச்சு பாப்பாத்தின்னு சொன்னாரே."

ஆரோக்கியராஜ் டீ வைக்க உள்ளே போனார்.

"அந்த ஒயரையெல்லாம் மாட்டு. சத்தத்தைப் போடு" என்றாள் பாப்பாத்தி.

செல்வம் ஐந்தையும் மாட்டினான். மேளமும் ஹாரனும் அறையை நிறைத்தன. நடுவில் அந்த இளைஞன் தெளிவாகக் கத்தினான். எவ்வளவு கூட்டினாலும் அவன் மறையவில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து செல்வம் பழைய டிவிடியையே போட்டான். அதே கட்டங்கள், அதே இரைச்சல். பாப்பாத்தி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். மூன்றாவது தரமும்.

"இதுலயும் அவந்தான் பேசறான்" என்றாள்.

"நான் இதைத் தொடவே இல்லீங்க அத்தை."

"தெரியும் சாமி."

அவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கேட்டால் மறுபடி போடலாம். அவள் கேட்கவில்லை.