நெவில் துடைத்த கண்ணாடி

மெஷினின் கதவைத் திறக்கிறவன் அதில் காசு போடக் கூடாது. காசு போட்டுச் சூதாடுகிற பழ மெஷின் தொழிலில் அதுதான் முதல் சட்டம். நெவில் கிரிம்ஷா முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தொழிலில் இருந்தான். இங்கிலாந்துக் கடலோரம் ஃப்ளீட்வுட்டில் இருக்கிற என் ‘நீலப் படகு’ பப்புக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் மெஷினில் சேர்ந்த காசை எடுக்க வருவான். ஒரு பத்துப் பென்ஸ்கூட அவன் போட்டு நான் பார்த்ததில்லை. அவ்வளவு யோக்கியன். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே கள்ளத்தனம் ஒரு மஞ்சள் துணியால் செய்தது.

பழைய மெஷின்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செர்ரி, எலுமிச்சை, மணி எல்லாம் வரைந்த மூன்று உருளைகள் சுழலும். ஒரே படம் வரிசையாக நின்றால் காசு கொட்டும். அந்த மெஷின்களுக்கு ஒரு வயிறு உண்டு. விழுங்கியதில் இத்தனை பங்கைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடும். நாலு நாள் விழுங்கிக்கொண்டே இருந்தால் ஐந்தாம் நாள் யார் காலடியிலாவது கக்கித்தான் ஆக வேண்டும். கதவைத் திறந்து உள்ளே இருக்கிற எண்களைப் பார்க்கிறவனுக்கு அது எப்போது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். நெவிலுக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும்.

பப்பில் உள்ளவர்கள் சும்மா விடுவார்களா?

“என்ன நெவில், வயிறு ரொம்பிருச்சா?”

“என் வயிறா, அது வயிறா?”

“உன் வயிறுதான் தெரியுதே! மெஷினுக்குக் கேட்டேன்.”

“ரெண்டுக்கும் ஒரே பதில்தான். ஒனக்கு எதுக்குடா?” என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவான்.

வில்ஃப் ரிம்மர் மட்டும் எதுவும் கேட்க மாட்டான். வில்ஃப் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். நெவிலோடு ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஜன்னலோரம் ஒரு பியரை வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி இருப்பான். நெவில் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பும்போது சில நாள் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மெஷினின் கண்ணாடியைத் துடைப்பான். பல நாள் துடைக்க மாட்டான். துடைத்த நாளில், நெவிலின் வேன் தெரு திரும்பியதும், வில்ஃப் மெதுவாக எழுந்து மெஷினிடம் போவான்.

இதை நான் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆனது. நான் மேவிஸ், பப்பின் சொந்தக்காரி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பெயர். அப்படியும் இரண்டு வருஷம். அவர்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் அது குற்றம். பேசாதவரை ஒருவன் கண்ணாடி துடைத்தான், ஒருவன் விளையாடினான், அவ்வளவுதான். வாரம் முழுக்க அந்த மெஷினுக்குத் தீனி போட்ட மற்றவர்கள் வாயில் மண்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வில்ஃப் ஜெயித்தால் பப்புக்கே பியர் வாங்கித் தருவான். நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அதில் பங்குண்டு.

வில்ஃபின் மனைவி எனிட் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் போய்ச் சேர்ந்தாள். அவளும் டிராமில் டிக்கெட் கொடுத்தவள்தான். அவன் ஓட்ட, அவள் கொடுக்க, அப்படித்தான் காதல். புதைத்த மண் படிந்து இறுக மாதக்கணக்காகும், அதுவரை கல் வைக்க விட மாட்டார்கள். ஒரு மரச் சிலுவை மட்டும் நின்றது. வில்ஃப் கல்லுக்காகப் பென்ஷனிலிருந்து மிச்சம் பிடித்தான். என் பப்பில் அவன் குடிக்கிற பியர் இரண்டிலிருந்து ஒன்றானது. இறைச்சிப் பலகாரமும் வேண்டாம், வறுவலும் வேண்டாம்.

“எழுத்து மட்டும் போதாது, மேவிஸ்,” என்றான் ஒரு நாள். “கல்லு மேல ஒரு டிராம் செதுக்கணும். சின்னதா. அவ பின்னால படியில நிக்கிற மாதிரி.”

“ஆள் வேற செதுக்கணுமா? கல் கொத்தறவன் என்ன கேக்கறான்?”

“எழுத்துக்கு வச்சிருக்கேன். டிராமுக்குக் கொஞ்சம் குறையுது. படி இல்லாம செதுக்கலாம்ங்கறான். படி இல்லாட்டி அவ எங்க நிப்பா, சொல்லு?”

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதியதை வைத்தது. தலையிலிருந்து முழங்கால்வரை ஒரே திரை. உருளை கிடையாது. செர்ரியும் எலுமிச்சையும் வெறும் படம். நாற்பது ஆட்டம் ஒரே பெட்டிக்குள். அதற்கு முன்பே நெவிலை இரண்டு நாள் மான்செஸ்டருக்குக் கூப்பிட்டு வகுப்பு நடத்தினார்கள். சுவரில் ‘எதிர்காலம்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்களாம். இனி ஆட்டம் எல்லாம் ஜனங்களின் போனுக்குள் போய்விடும், பப்பில் இருப்பது அதற்கு வாசல் மாதிரி என்று ஒருவன் ஒன்றரை மணி நேரம் பேசினானாம். எதிர்காலத்துக்கு மதியச் சாப்பாடாகக் காய்ந்த சாண்ட்விச் கொடுத்தார்கள் என்று நெவில் சொன்னான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “புதுசுக்கு வயிறே கிடையாது, மேவிஸ்.”

“அப்படின்னா?”

“அதுக்கு ஞாபகமே இல்ல. ஆயிரம் தடவை தோத்தாலும் அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் பொறந்த மாதிரி. கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு. எவன் குனிஞ்சு படிக்கப் போறான்?”

“வில்ஃப்கிட்ட சொல்லிரு.”

நெவில் என்னை ஒரு பார்வை பார்த்தான். எனக்குத் தெரியும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்துபோயிற்று.

“என்னத்தச் சொல்ல? இனிமே என் துணியப் பாக்காதன்னா? அப்ப இத்தன வருஷம் பாத்தான்னு ஆயிருமே.” கோட்டை மாட்டிக்கொண்டான். “துடைக்க மாட்டேன். துடைக்காட்டி அவன் எந்திரிக்க மாட்டான். அவ்வளவுதானே.”

நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

புது மெஷின் வந்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி. வில்ஃப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், சட்டையும் டையுமாக. மூன்று மணிக்குக் கல் கொத்துகிறவனிடம் போக வேண்டும். கோட்டின் உள்பையில் பழுப்பு உறை. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெவில் வந்தான். தனியாக வரவில்லை. கூடவே கேலம் என்று ஒரு மேலாளர், முப்பதுகூட இருக்காது, கழுத்தில் அட்டை, கையில் ஒரு டேப்லெட். நெவிலின் வேலையை மேற்பார்வை பார்க்க வந்திருந்தான். நெவில் கதவைத் திறந்தான், பார்த்தான், மூடினான், பெட்டியை எடுத்தான்.

“ஸ்க்ரீன் துடைக்கலையே, நெவில்,” என்றான் கேலம்.

“சுத்தமாத்தான் இருக்கு.”

“கைரேகை இருக்கு பாருங்க. வகுப்புல சொன்னோமே, ஒவ்வொரு தடவையும் துடைக்கணும். லிஸ்ட்ல இருக்கு. நீங்க துடைச்சாத்தான் நான் டிக் போட முடியும்.”

“நான் போனப்புறம் மேவிஸ் துடைப்பா.”

“துடைக்கறேன் தம்பி, நான் துடைக்கறேன்,” என்று நானும் சொன்னேன். அந்தப் பையன் சிரித்தான். கெட்டவன் இல்லை. லிஸ்டைப் பார்த்தே வளர்ந்தவன்.

நெவிலுக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். பையைத் திறந்தான். மஞ்சள் துணியை எடுத்தான். துடைத்தான். கறுத்த திரைக்குள் வில்ஃப் பியர் கிளாஸைக் கீழே வைப்பது தெரிந்ததாம். அதைப் பின்னால் என்னிடம் சொன்னான். நான் பார்த்தது இதுதான்: நெவில் திரும்பி, கேலமின் தோளுக்கு மேலாக வில்ஃபைப் பார்த்து, தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்று. வில்ஃப் கண்ணடித்தான். மேலாளர் நிற்கும்போது எழுந்துவிடாதே என்று நெவில் எச்சரிப்பதாக நினைத்துக்கொண்டான், பாவி மனுஷன்.

வேன் தெரு திரும்பியது. வில்ஃப் எழுந்தான்.

“கல் கொத்தறவன்கிட்டப் போகணும்னியே,” என்றேன்.

“போறேன் போறேன். டிராம் படிக்குக் குறையுதுல்ல, அது வந்துட்டா ஒரேயடியாக் குடுத்துருவேன்.”

நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நெவில் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் நெவில் பெயரை இழுக்க வேண்டும், நெவில் பெயரை இழுத்தால் துணியை இழுக்க வேண்டும். இரண்டு மூன்று ஆட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மெஷினில் வருகிற என் பங்கால்தான் கூரை ஒழுகாமல் இருந்தது என்பதும் உண்மை. நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பழைய மெஷின் என்றால் சில்லறைக்கு என்னிடம் வந்தாக வேண்டும். புதியது நோட்டையே விழுங்கும். உறையிலிருந்து முதல் நோட்டு போனது. பழைய கணக்குப்படி, கொடுக்காமல் இருக்க இருக்க நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அவன் முகத்தில் கவலையே இல்லை. தோற்கத் தோற்கத் தெம்பு கூடியது. நான்கு மணிக்கு டையைத் தளர்த்திக்கொண்டான். “வந்துருச்சு மேவிஸ், மூச்சு விடுது கேக்குதா?” என்றான். அது மின்விசிறிச் சத்தம்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. நெவில். எங்கேயோ வேறு ஊரில் ஒரு பப்பின் வாசலில் நின்று, கேலம் உள்ளே இருக்கிற நேரமாகப் பார்த்துப் பேசினான்.

“வில்ஃப் இருக்கானா?”

“மெஷின்கிட்ட நிக்கறான்.”

“வீட்டுக்குப் போகச் சொல்லு.”

“தோத்துக்கிட்டு நிக்கறவன் நான் சொன்னாப் போவானா? நீயே சொல்லு, கூப்பிடறேன்.”

அந்தப் பக்கம் கேலமின் குரல் கேட்டது. நெவில், “வேண்டாம், விடு,” என்று போனை வைத்துவிட்டான்.

ஆறு மணிக்கு வில்ஃப் காலி உறையை மடித்தான். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். தொப்பியை எடுத்தான். “நல்லாத்தான் துடைச்சான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நெவில் தனியாக வந்தான். வில்ஃப் அதே ஜன்னலோரம், டை இல்லாமல். நெவில் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேரே அவனிடம் போனான்.

“வில்ஃப்.”

“துடைச்சியேடா, நெவில்.” அத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் அதைப் பற்றி வந்த முதல் பேச்சு அதுதான். “எதுக்குடா துடைச்ச?”

பழுது, கம்பெனி தவறு, பணம் திரும்பி வரும் என்று நெவில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். தன் சேமிப்பிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொண்டும் வந்திருந்தான். பொய் வாயில் வரவில்லை.

“கம்பெனி துடைக்கச் சொல்லிச்சு,” என்றான்.

வில்ஃப் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் தேவலை. “அப்படியா,” என்று மிச்சமிருந்த பியரைக் குடித்து முடித்தான். நெவில் நீட்டிய பணத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

“எனிட்டுக்குக் கல் நான்தான் வாங்கணும், நெவில். நீ இல்ல.”

அதற்குப் பிறகு அவன் ‘நீலப் படகு’ பக்கம் வரவே இல்லை. நெவில் அவன் வீட்டுக் கதவை மூன்று தடவை தட்டினான். மூன்றாம் தடவை ஜன்னல் திரை அசைந்ததாம், கதவு திறக்கவில்லையாம். வில்ஃப் திரும்பவும் முதலிலிருந்து மிச்சம் பிடித்தான் என்றும், குளிர்காலத்தில் வீட்டுக்கு ஹீட்டர் போடவில்லை என்றும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பிப்ரவரியில் நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த மரச் சிலுவைக்குக் கீழேயே அவனையும் இறக்கினார்கள். மண்ணைத் திரும்பவும் தோண்டியாயிற்று, திரும்பவும் படிய வேண்டும்.

மண் படிந்துகொண்டிருக்கும்போதே நெவிலுக்குக் கடிதம் வந்தது. திரை மெஷின்களை இனி ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு ஒரு தொகை. அதை எடுத்துக்கொண்டு நேரே கல் கொத்துகிறவனிடம் போனான். இரண்டு பேர், ஒரு டிராம், பின்னால் படி, படியில் ஒரு பெண். ஒன்றும் விடாமல் செதுக்கச் சொன்னான்.

“அவன் வேண்டாம்னு சொன்னான், மேவிஸ்,” என்று அழுதான். அறுபத்தைந்து வயது ஆள் என் பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். “வேண்டாம்னு சொன்னதை மீறிச் செய்யறேன். அவன் இருந்தா என்னைச் செய்ய விட்டிருக்க மாட்டான்.” எனக்குச் சேர்ந்து அழத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் கல்லறைக்குப் போகிறான். போன வாரம் நானும் கூடப் போனேன். கடல்காற்றில் கல் முழுக்க உப்புப் படிந்திருந்தது. டிராமின் மேல் கடற்புறா எச்சம் வேறு, எனிட்டின் முகமே தெரியவில்லை. நான் கைக்குட்டையை எடுத்துக் குனிந்தேன்.

நெவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“துடைக்காத, மேவிஸ்,” என்றான். “அவன் பாத்துட்டு நம்பிருவான்.”

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.